சேறும் சூடும்: செம்பனைத் தோட்டத்தில் ஓடும் ஏடிவிக்கு ஒரு குளிர்விப்பு வேலைப் பதிவு

வண்டி: ஏடிவி, அதாவது கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி. 500 சிசி, ஒற்றை சிலிண்டர், கூலண்டில் (குளிர்விக்கும் திரவத்தில்) குளிரும் என்ஜின், பெல்ட்டில் இயங்கும் சிவிடி (தானாக மாறும் கியர் அமைப்பு), நான்கு சக்கர இழுவை.

புகார்: செம்பனைத் தோட்டத்து உள்பாதையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடினால் என்ஜின் சூடேறிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. லாரி போகும் செம்மண் சாலைக்கு வந்து வேகமெடுத்தால் அணைந்துவிடுகிறது.

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். வேகமெடுத்தால் ஆறுகிறது என்றால் கூலண்ட் ஓடுகிறது, பம்ப் சுற்றுகிறது, சூடேறினால் கூலண்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டும் திறக்கிறது. குறைவது காற்று. இதைக் கவனிக்காமல் முதலில் தெர்மோஸ்டாட், அப்புறம் பம்ப், கடைசியில் புது ரேடியேட்டர் என்று வரிசையாகப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. ரேடியேட்டரை ஒழுங்காகக் கழுவி, ஃபேனுக்கு முழு மின்சாரம் கிடைக்கும்படி செய்தாலே இந்தப் பக்கத்து வண்டிகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

சிங்கப்பூரில் ஏடிவியைப் பொதுச் சாலையிலும் ஓட்ட முடியாது, பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓட்ட முடியாது. அதனால் நம்மவர்களின் வண்டிகள் பெரும்பாலும் ஜொகூரில்தான் நிற்கின்றன. கருவிப்பெட்டியும் உதிரிபாகமும் கடற்பாலத்தைத் தாண்டிப் போய்வருகின்றன. வேலையையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் மின்சுவிட்ச்), ஃபேன் மோட்டார் ஆகியவற்றைக் கழற்றி எடுத்துவந்து வீட்டிலோ காக்கி புக்கிட் பக்கத்துப் பட்டறையிலோ நிதானமாகச் சோதிக்கலாம். கழுவுவது, பூட்டுவது, கூலண்டுக்குள் மாட்டிய காற்றை எடுப்பது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் வண்டி நிற்கும் இடத்தில்தான்.

நம் வெயில் செய்யும் கணக்கு

ரேடியேட்டர் வெளியே தள்ளும் வெப்பம், கூலண்டின் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 95 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. இங்கே காற்று 32 டிகிரி, வித்தியாசம் 63. அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வேலைத்திறன் ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. குளிர்நாட்டில் ரேடியேட்டரின் கால் பாகம் அடைத்திருந்தாலும் வண்டி ஓடிவிடும். இங்கே ஓடாது. வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்லும் ‘கொஞ்சம் சேறு இருந்தால் பரவாயில்லை’ என்ற பேச்சு நமக்குச் செல்லாது.

மரங்களுக்கு நடுவே காற்றும் ஓடுவதில்லை. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றால் கிடைக்கும் குளிர்ச்சி ஏறக்குறைய ஒன்றுமில்லை. முழுப் பாரமும் ஃபேன் மேல்தான்.

கழற்றும் முன் அளப்பது

தேவையானது அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றுதான், துப்பாக்கி போல் பிடிப்பது. இதில் ஒரு பொறி உண்டு. பளபளக்கும் அலுமினியத்தைக் குறிவைத்தால் உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது குறைவு. ரேடியேட்டரின் உள்வரும் குழாய் முனையிலும் வெளியேறும் முனையிலும் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த டேப்பையே குறிவைக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் மேலும் அளக்கலாம். ஆனால் ஹோஸின் வெளிப்பரப்பு உள்ளே ஓடும் கூலண்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். ஆகவே தனி எண்ணை நம்பாமல், இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

வண்டியை மெதுவாக ஓட்டிச் சூடேற்றி, ஃபேன் சுற்றத் தொடங்கிய பிறகு அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டியில் உள்முனைக்கும் வெளிமுனைக்கும் வித்தியாசம் பொதுவாக 6 முதல் 10 டிகிரி வரை இருக்கும். இரண்டு முனையும் கொதிக்கிற சூட்டில், வித்தியாசம் 3 அல்லது 4 டிகிரிதான் என்றால் கூலண்ட் ஓடுகிறது, ஆனால் வெப்பத்தைக் காற்றிடம் கொடுக்க முடியவில்லை. கோளாறு காற்றுப் பக்கம். வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல் என்றால் கூலண்ட் மிக மெதுவாக ஊர்கிறது. பம்ப், தெர்மோஸ்டாட், நசுங்கிய ஹோஸ், உள்ளே அடைப்பு இவற்றைச் சந்தேகிக்கலாம். உள்முனையே சூடேறாமல், என்ஜின் தலை மட்டும் கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பெரிய காற்றுக் குமிழ் வழியை மறிக்கிறது.

இந்த வண்டியில் வித்தியாசம் 3 டிகிரி. ஆகவே பம்ப் பக்கம் கையே வைக்கவில்லை.

ரேடியேட்டரைக் கழுவுவது

முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும் ரேடியேட்டர், பின்பக்கத்தில் பாதி அடைத்திருக்கும். ஃபேன் கூட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரலளவு இடுக்கில்தான் செம்மண், செம்பனை நார், லாலாங் புல்லின் பூ எல்லாம் சேர்ந்து செங்கல்லாக இறுகுகின்றன. இறுகிய பிறகு அங்கே குழாய்த் தண்ணீர் எட்டாது. அப்போது ஃபேன் கூட்டைக் கழற்றாமல் கழுவுவது வீண் வேலை.

முன் கிரில், அமுக்குப் பின்கள், ஃபேன் கூட்டின் மூன்று நான்கு போல்ட்டுகள் (பெரும்பாலான வண்டிகளில் 10 மி.மீ. ஸ்பேனர்), ஃபேன் இணைப்பி. இவ்வளவுதான் கழற்ற வேண்டியது. கூலண்டை வடிக்கவே தேவையில்லை. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

காய்ந்த மண்ணைக் குச்சியால் குத்தினால் மண்ணோடு ரேடியேட்டரின் மெல்லிய உலோக இதழும் மடங்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரைத் தெளித்து, ஈரத்துணியைப் போர்த்தி 20 நிமிடமாவது ஊற விட வேண்டும். செம்மண்ணில் களி அதிகம்; ஒரு தடவை ஊறினால் மேல்தோல்தான் இளகும், மறுபடியும் ஊற விட வேண்டியிருக்கும். பிறகு தோட்டக் குழாயின் மென்மையான வேகத்தில், ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் விட வேண்டும். அழுக்கு எந்த வழியாக நுழைந்ததோ அதே வழியாகத் திரும்ப வர வேண்டும். முன்பக்கத்திலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டி வாடகைக்கு விடும் இடங்களில் உயரழுத்த நீர்ப் பீச்சியை நேராக ரேடியேட்டர் மேல் பிடிப்பதைப் பார்க்கலாம். ஒரே நிமிடத்தில் பளிச்சென்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் இதழ்கள் படுத்துக் காற்று வழி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். பீச்சிதான் இருக்கிறது என்றால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, விரிந்த பாய்ச்சலில், ரேடியேட்டருக்கு நேர்செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால்தான் இதழ் மடங்கும்.

காரம் மிகுந்த எண்ணெய் நீக்கிகள் அலுமினியத்தை அரிக்கும், அவை வேண்டாம். பளபளப்புக்காகத் தெளிக்கும் சிலிகான் எண்ணெயும் வேண்டாம். அடுத்த தூசி முழுவதும் அதில்தான் ஒட்டும். மடங்கிய இதழ்களை இதழ்ச் சீப்பால் நிமிர்த்தலாம். சீப்பு இல்லையென்றால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு போதும், ஸ்குரூ டிரைவர் கூடாது. இதழுக்கு நடுவே ஓடும் குழாய்ச் சுவர் மிக மெல்லியது.

கழுவி முடித்த பிறகு பின்னால் டார்ச்சைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் சீராக வர வேண்டும். இருட்டான திட்டு எங்கே தெரிகிறதோ அங்கே இன்னும் மண் இருக்கிறது.

பலர் தவறவிடுவது ஃபேன் கூட்டின் விளிம்பு. ரேடியேட்டருக்கும் கூட்டுக்கும் இடையே தொழிற்சாலையில் ஒட்டிவரும் நுரைப் பட்டை சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். அப்புறம் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுப்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டு இடைவெளி வழியாக என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். இந்த வண்டியில் பட்டை முழுக்கப் போயிருந்தது. நீர் உறிஞ்சாத நுரைப் பட்டை, 10 மி.மீ. தடிமன், சுற்றிலும் ஒட்டியாயிற்று. செலவு அற்பம், பலன் பெரிது.

முன்னால் வலை பொருத்த விரும்பினால் 6 மி.மீ. கண் உள்ள துருப்பிடிக்காத கம்பி வலை போதும். கொசுவலையைக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரமான கொசுவலையில் சேற்று நீர் பட்டால் ஒவ்வொரு கண்ணும் சவ்வு போட்டு மூடிக்கொள்ளும். ரேடியேட்டர் சுத்தமாக இருக்கும், என்ஜின் வெந்துவிடும்.

ஃபேன்: சுற்றுகிறதா என்பது மட்டும் போதாது

ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறோம். எவ்வளவு வோல்ட்டில் சுற்றுகிறது என்பதுதான் கேள்வி. என்ஜின் ஓட, ஃபேன் சுற்ற, மல்டிமீட்டரை முதலில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். பிறகு ஃபேன் இணைப்பியின் பின்பக்கமாக, இணைப்பியைக் கழற்றாமல், ஃபேன் முனைகளில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

இங்கே பேட்டரியில் 13.6, ஃபேனில் 11.4. அதாவது 2.2 வோல்ட் வழியிலேயே எரிந்து போகிறது. மோட்டாரின் சுழற்சி வேகம் ஏறக்குறைய வோல்ட்டேஜைப் பின்பற்றும். ஆகவே காற்றும் ஆறில் ஒரு பங்கு குறைவு. குற்றவாளி எர்த் முனை: வண்டிச் சட்டத்தில் பூட்டிய வளையத்துக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகத் துரு. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, வளையத்தைப் புதிதாக கிரிம்ப் செய்து, பூட்டிய பிறகு மேலே மின்முனை கிரீஸ் பூச வேண்டும். கிரீஸைப் பூசிவிட்டுப் பூட்டுவதைவிட இதுவே மேல். இணைப்பியின் உள்ளேயும் பாருங்கள்: முனை பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகியிருந்தால் இணைப்பியையே மாற்ற வேண்டும், தேய்த்துப் பயனில்லை.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதையும் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிரில் முன்னால் பிடித்துப் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் உள்ள வண்டியில் காகிதம் கிரில்லில் ஒட்ட வேண்டும். தள்ளிவிட்டால் ஃபேன் வயர் மாறியிருக்கிறது. மோட்டார் மாற்றிய வண்டிகளில் இது சகஜம். அப்போது ஃபேன் ஒரு பக்கம் தள்ள, எதிர்காற்று மறுபக்கம் தள்ள, வேகமெடுத்தால்கூடச் சூடு குறையாது.

கையால் இயக்கும் ஃபேன் சுவிட்ச் ஒன்று வைப்பது நம் பாதைகளுக்கு மிகவும் தகும். பல வண்டிகளில் ஃபேன் 95 டிகிரியை ஒட்டித்தான் தொடங்குகிறது. ஏற்றம் வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே போட்டுவிடலாம். வெப்ப சுவிட்ச் செத்துப்போனாலும் வீடு வந்து சேரலாம். ஃபேனின் பிளஸ் பக்கத்தை ரிலே இயக்கும் வண்டிக்கு இணைப்பு இப்படி:

பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்ப் ஃபியூஸ் வழியாக, 2.5 சதுர மி.மீ. வயரில், 12 வோல்ட் 30 ஆம்ப் ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து ஃபேனின் பிளஸுக்கு, பழைய வயரை வெட்டாமல் பக்கவாட்டில் சேர்த்து. 86ஆம் முனைக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயர், நடுவில் நீர் புகாத சுவிட்ச். 85ஆம் முனை எர்த்துக்கு. சாவியோடு சேர்க்காமல் விட்டால் ஒருநாள் சுவிட்சை அணைக்க மறந்து, அடுத்த வாரம் வரும்போது பேட்டரி படுத்திருக்கும். ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும், ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி வைத்தால் தண்ணீர் தேங்கும்.

சில வண்டிகளில் ஃபேனுக்கு எப்போதும் பிளஸ் இருக்கும், வெப்ப சுவிட்ச் மைனஸ் பக்கத்தைத்தான் சேர்க்கும். அவற்றில் மேலே சொன்ன இணைப்பு வேலைக்கு ஆகாது. வெப்ப சுவிட்சின் இரு வயருக்கும் இணையாகக் கை சுவிட்சைப் போட வேண்டும். கணினி நேரடியாக ஃபேனை இயக்கும் வண்டிகளும் உண்டு. ஆகவே மேனுவலின் மின்சுற்றுப் படத்தைப் பார்க்காமல் கத்திரிக்கோலை எடுக்க வேண்டாம்.

மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள். மெதுவாக ஓடும்போது வண்டிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் தருவது குறைவு. ஃபேன் 8 ஆம்ப், அதோடு பெரிய எல்இடி பட்டை, கைப்பேசி சார்ஜர், வின்ச் என்று சேர்ந்தால் வோல்ட்டேஜ் இறங்கி ஃபேன் தளர்ந்துவிடும். இரவுப் பயணத்தில் மட்டும் சூடேறும் வண்டிகளின் மர்மம் பல நேரம் இதுதான்.

ஆழமான நீரில் இறங்கும்போது கை சுவிட்சை அணைத்துவிடுங்கள். முழு வேகத்தில் சுற்றும் இறக்கை தண்ணீரை அடித்தால் இறக்கை உடையும், இல்லையேல் ஃபியூஸ் போகும். நீரைக் கடந்த பிறகு சூடேறத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் ஃபியூஸ்.

மூடியும் தெர்மோஸ்டாட்டும்

மூடியில் 1.1 என்று எழுதியிருந்தால் 1.1 பார் அழுத்தம் வரை அது திறக்காது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், மூடி இல்லாமல் 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். இந்த அழுத்தத்தில் 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரப்பர் வளையம் வெடித்த மூடி இந்த முழுப் பாதுகாப்பையும் கொண்டுபோய்விடும். மூடிக்கு நடுவில் இன்னொரு சிறு வால்வும் உண்டு: என்ஜின் ஆறும்போது துணைத் தொட்டியிலிருந்து கூலண்டை உள்ளே விடுவது. அது ஒட்டிக்கொண்டால் மேல் ஹோஸ் ஆறியதும் சப்பையாகும். துணைத் தொட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். துணைத் தொட்டியை மட்டும் பார்த்து ‘கூலண்ட் இருக்கிறது’ என்று நம்பக் கூடாது என்பது இதனால்தான். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும்.

1.4 பார் மூடி போட்டால் சூடு குறையும் என்று சொல்வார்கள். கொதிப்பது தள்ளிப்போகும், சூடு குறையாது. பழைய ஹோஸும் பிளாஸ்டிக் தொட்டியும் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டிவரும்.

தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, பாத்திரத்து நீரின் நடுவில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கிப் பாருங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கத் தொடங்க வேண்டும். நீர் கொதிக்கும் முன் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். சமைக்கும் பாத்திரத்தில் வேண்டாம், கூலண்ட் நச்சு. ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே எதற்கு’ என்று எடுத்து எறிகிறவர்களுக்கு ஒரு சொல்: சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே மாற்றுவழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். குறைய வேண்டிய சூடு கூடும்.

கூலண்டும் காற்றெடுப்பும்

உறைபனி இல்லாத ஊரில் கூலண்டில் கலந்திருக்கும் கிளைக்கால் எதற்கு என்றால், துருத் தடுப்புக்கும் கொதிநிலைக்கும். ஆனால் பாதிக்குப் பாதி தேவையில்லை. அந்தக் கலவை, எடைக்கு எடை பார்த்தால், வெறும் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே சுமக்கும். அடர்கூலண்ட் ஒரு பங்கு, வாலைவடி நீர் இரண்டு பங்கு என்ற கலவை இங்கே நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் துருத் தடுப்பு மருந்து போதாமல் போகும், லேபிளில் குறைந்தபட்ச அளவு இருக்கும். கலந்தே விற்கும் கூலண்டில் மேலும் தண்ணீர் சேர்க்க வேண்டாம். வாங்கும்போது சிலிகேட் இல்லாத வகையா என்று பாருங்கள். ஜப்பானிய என்ஜின்களின் பம்ப் சீலுக்கு அதுவே நல்லது. நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்க முடியாது, பச்சை எல்லாம் ஒரே பச்சை இல்லை. இரண்டு வகையைக் கலந்தால் கூழாகித் திரியலாம்.

இந்த அளவு வண்டிகள் பொதுவாக 2 முதல் 3 லிட்டர் வரை கொள்ளும். நிரப்புவதைவிட உள்ளே இருக்கும் காற்றை எடுப்பதுதான் வேலை. வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் மூடி எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும்படி செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் கூட்டின் மேலோ பம்ப் மூடியிலோ காற்று போல்ட் இருந்தால் அதைத் தளர்த்தி, கூலண்டை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். குமிழ் இல்லாமல் கூலண்ட் வழியத் தொடங்கியதும் போல்ட்டை இறுக்கலாம். பிறகு மூடியைப் போடாமல் என்ஜினை ஐடிலில் ஓட விட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையுறை போட்ட கையால் மாறி மாறிப் பிசைய வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் கணத்தில் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது நிரப்பி, மூடி, துணைத் தொட்டியைக் கோட்டளவுக்கு நிரப்பி, ஓட்டிப் பார்த்து, முழுக்க ஆறிய பிறகு மறுபடி திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

காற்று எடுக்கப்படாத வண்டியின் அடையாளம்: சூட்டு முள் திடீரென்று ஏறி, திடீரென்று இறங்கும். எத்தனை முறை எடுத்தாலும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் அது காற்றே இல்லை, என்ஜின் தலைக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாகக் கசிந்து வரும் எரிந்த வாயு. நீல நிறச் சோதனைத் திரவம் மஞ்சளானால் சந்தேகம் தீர்ந்தது.

பம்ப் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கிருந்து கூலண்ட் சொட்டினால் பம்ப் சீல் போய்விட்டது. பசை வைத்து அந்தத் துளையை அடைக்காதீர்கள். சொட்ட வழியில்லாத கூலண்ட் என்ஜின் ஆயிலுக்குள் போய், ஆயில் பால் நிறமாகும்.

வடித்த கூலண்ட் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மழைநீர் வடிகாலில் ஊற்றுவது குடிநீர்த் தேக்கத்தில் ஊற்றுவதற்குச் சமம். கிளைக்கால் இனிக்கும், பூனையும் நாயும் நக்கிச் சாகும். மூடியுள்ள கேனில் பிடித்து, கழிவை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்கும் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) கார்நிறுத்தத்தில் இந்த வேலையே வேண்டாம். தோட்டத்து ஓடையும் வடிகால்தான்.

குளிர்விப்பில் சேராத சூடு

ரேடியேட்டர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டி தேவையில்லாமல் உழைத்தால் சூடேறும். முதல் சந்தேகம் பிரேக். சேறு புகுந்து காலிப்பர் பின் இறுகினால் பிரேக் விடாமல் உரசும். கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு டிஸ்க்கையும் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வெகு சூடாக இருந்தால் அங்கேதான் கோளாறு. டிஸ்க்கும் பளபளப்பானதே, ஆகவே நான்கையும் ஒப்பிட மட்டுமே அந்த எண் உதவும்.

இரண்டாவது, ஓட்டுகிறவரின் கியர். மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழே, சேற்றில், ஏற்றத்தில், இழுவையில் லோ கியர்தான். ஹை கியரில் ஊர்ந்தால் பெல்ட் வழுக்கிச் சூடேறும், என்ஜினும் குறைந்த சுழற்சியில் திணறும். லோவில் என்ஜின் வேகமாகச் சுற்றும். சத்தம் அதிகம் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஆனால் அந்தச் சுழற்சியில்தான் பம்ப் அதிகக் கூலண்டைத் தள்ளுகிறது, ஸ்டேட்டர் ஃபேனுக்கு முழு வோல்ட் கொடுக்கிறது.

முன் ரேக்கில் கட்டும் பெரிய பை கிரில்லையோ வெளிக்காற்று போகும் வழியையோ மறைக்கக் கூடாது. அடிப்பாதுகாப்புத் தகட்டின் மேல் சேரும் மண்ணை எடுக்க வேண்டும். என்ஜின் அடியைச் சுற்றி அது போர்வை போட்டுவிடும். பெரிய சேற்று டயர் போட்டவர்கள், கிளட்ச் எடையையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்ப மாற்றாவிட்டால் சூட்டைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

ரேடியேட்டரை முன் ரேக்கின் மேல் ஏற்றும் கிட் நம் பாதைகளுக்குத் தேவையா? இடுப்பளவு சேற்றில் இறங்குகிறவர்களுக்குத் தேவை. மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. நீளமான ஹோஸ், கூடுதல் வளைவு, கூடுதல் இணைப்பு என ஒவ்வொன்றும் ஒழுகக்கூடிய இடம். போடுவதானால் ஹோஸின் உள்விட்டம் பழையதைவிடக் குறையக் கூடாது, வளைவில் நசுங்காமல் உள்ளே சுருள்கம்பி இருக்க வேண்டும், மூடி எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும்.

வாடகைக்குக் கிடைக்கும் சிறிய வண்டிகள் பல காற்றில் குளிர்பவை. அவற்றுக்கு ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டர் இதழ்களுக்கு நடுவே மண் இல்லாமல் பார்ப்பது, ஆயில் மட்டம் குறையாமல் பார்ப்பது, நின்றபடி நீண்ட நேரம் ஐடிலில் விடாமல் இருப்பது ஆகிய மூன்றுக்கு மேல் செய்ய அதிகமில்லை. ஃபேன் இல்லாத வண்டி நின்றால் ஆறாது. படம் எடுக்க நிறுத்தினால் அணைத்துவிடுங்கள்.

பாதையில் விளக்கு எரிந்தால்

நிழலில் நிறுத்தி, முதலில் காதைக் கொடுங்கள். ஃபேன் சுற்றுகிறது, எங்கும் ஒழுகல் இல்லை என்றால் நியூட்ரலில் போட்டு, ஐடிலைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட விடுங்கள். பம்பும் ஃபேனும் சேர்ந்து இறக்கிவிடும். உடனே அணைத்தால் பம்ப் நின்று, தலையில் உள்ள கூலண்ட் அங்கேயே கொதிக்கும். ஃபேன் சுற்றவில்லை, அல்லது ஆவியோ ஒழுகலோ தெரிகிறது என்றால் தயங்காமல் அணைக்க வேண்டும்.

ஃபேன் நின்றிருந்தால் ஃபியூஸ், இணைப்பி, கை சுவிட்ச் என்ற வரிசையில் பாருங்கள். இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றால் சாவியை எடுத்துவிட்டுத்தான். சில வண்டிகளில் என்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பும். ஃபேன் சரியாக இருந்தால் ரேடியேட்டரின் முகத்தைக் கையிலிருக்கும் தண்ணீரால் கழுவலாம். குளிர்ந்த நீரைச் சூடான சிலிண்டர் மேலேயோ தலையிலேயோ ஊற்றக் கூடாது, அலுமினியம் வெடிப்பு விடும்.

மூடியை அரை மணி நேரத்துக்கு முன் தொட வேண்டாம். மேல் ஹோஸ் கைக்கு மெத்தென்று அழுங்கினால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது. அப்போதும் தடித்த துணியைப் போர்த்தி, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, சீறல் அடங்கிய பின்னே முழுக்கத் திறக்க வேண்டும். கூலண்ட் இல்லையென்றால் குடிநீரை ஊற்றி வரலாம். அதே வாரம் வடித்துச் சரியான கலவையை நிரப்ப வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு லிட்டர் கலந்த கூலண்ட், 15 ஆம்ப் ஃபியூஸ் சில, ஒரு ரிலே, இரண்டு ஹோஸ் கிளாம்ப், ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப், ஒரு மீட்டர் வயர், 10 மி.மீ. ஸ்பேனர், மென்மையான பிரஷ்.

இந்த வண்டியில் கழுவல், நுரைப் பட்டை, எர்த் முனை, கை சுவிட்ச், புதுக் கூலண்ட் ஆகியவை முடிந்த பிறகு ஃபேன் முனையில் 13.3 வோல்ட், உள்முனைக்கும் வெளிமுனைக்கும் 8 டிகிரி. அதே உள்பாதையில் ஃபேன் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது, அதாவது வேலையை முடித்துவிட்டு ஓய்வெடுக்க அதற்கு நேரம் கிடைக்கிறது. விளக்கு எரியவில்லை. ஃபேன் கூட்டை ஒவ்வொரு பயணத்துக்கும் கழற்ற வேண்டியதில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழை மாதங்களில் மாதம் ஒருமுறை, மற்ற நாட்களில் டார்ச் வெளிச்சத்தில் திட்டு தெரியும்போது. ஆனால் பயணம் முடிந்ததும், மண் ஈரமாக இருக்கும்போதே, குழாய்த் தண்ணீரைப் பின்பக்கமாக ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத்தான் உட்லண்ட்ஸ் நோக்கிக் கிளம்ப வேண்டும்.